நாற்பத்தோராவது துளை

அந்தக் கப்பலைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. பயம் ஒன்றும் இல்லை, தச்சனுக்கே உரிய எரிச்சல்தான். அந்தக் கப்பலுக்கு இருபது வருஷம் கடலில் அடிபட்ட உடம்பு. வெளிப்பலகையை மட்டும் மாற்றி, பழைய வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுவதுபோல், சீனத்துச் சுவான்சோ துறையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இறங்கினால் ஊறிய மரத்தின் நாற்றம் மூக்கில் ஏறியது.

தம்பி யுன் என் கருவிப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். இருபத்திரண்டு வயது. வாய் மட்டும் ஓயாது.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?"

"பொண்ணுக்கு வயசு ஜாஸ்தி. மறைச்சிருக்காங்க."

"நமக்கென்ன, கட்டிக்கவா போறோம்? ஒரு வாடைக்காத்துல தெற்கே போயி, காத்து திரும்பினதும் வந்துடப் போறோம். இறங்கு, இறங்கு."

கப்பலின் வயிற்றுக்குள் பதின்மூன்று அறைகள். ஒவ்வொன்றுக்கும் இடையே கனமான தடுப்புச்சுவர். ஒரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாது. போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. பலகை இடுக்கில் சணலைத் திணித்து, சுண்ணாம்பும் மரநெய்யும் பிசைந்து அடைப்போம். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பேசினால் கேட்காது. அதனால் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டுவோம். இரண்டு தட்டு என்றால் அடைபட்டுவிட்டது. மூன்று தட்டு என்றால் இங்கே தண்ணீர் வருகிறது, உடனே வா.

சின்ன வயதிலேயே அவனுக்கு அந்த மூன்று தட்டு பழகிவிட்டது. கெட்ட கனவு கண்டு பயந்தால் வாயைத் திறந்து கூப்பிட மாட்டான். எங்கள் கட்டில்களுக்கு நடுவே இருக்கும் பலகையில் மூன்று முறை தட்டுவான். நான் எழுந்து போவேன்.

அறைகள் முழுக்க, தெற்கே விற்கக் கொண்டுபோகும் பீங்கான் கிண்ணங்கள். அடுக்கிய கிண்ணங்களுக்கு நடுவே மண்ணும் பயறும் போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பயறு முளைத்து வேர்விட்டு, கிண்ணங்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவிட்டது. எந்த அலையிலும் ஒரு சத்தம் வராது.

கிளம்பும் அன்று அம்மா துறைக்கு வந்தாள். கடலுக்கு அப்பாவைக் கொடுத்தவள், மூத்த அண்ணனைக் கொடுத்தவள். இரண்டு பேருக்கும் வெறும் சட்டையை வைத்துத்தான் புதைகுழி மூடினோம். யுன் பிறந்ததும் அவனுக்கு 'நாய் மிச்சம்' என்று பேர் வைத்தாள். நாய் தின்றுவிட்டுப் போட்டது என்றால் எந்தப் பேய்க்கும் ஆசை வராதாம். மீசை முளைத்த பிறகும் அப்படியேதான் கூப்பிடுவாள், அவனும் குரைத்துக் காட்டுவான். அன்று அவள் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"அவன் பேரக் கடல்கிட்டச் சொல்லிடாதடா. உங்கப்பா பேரச் சொன்னாங்க. பெரியவன் பேரச் சொன்னாங்க. இவன் பேர மட்டும் சொல்லிடாத."

"சரிம்மா."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அவள் எதைச் சொன்னாள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெற்கே போகும் வழியில் லிங் மலை முனையை எந்தக் கப்பலும் சும்மா கடக்காது. தச்சன் தன் கப்பலைப் போலவே ஒரு சின்னக் கப்பல் செய்ய வேண்டும். பெரியதில் எத்தனை அறையோ சின்னதிலும் அத்தனை அறை. பெரியதில் எத்தனை பேரோ அத்தனை மரப்பொம்மை, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பேர். அரிசி, உப்பு, தண்ணீர் எல்லாம் வைத்து, வண்ணம் பூசி, பாய் விரித்து, முரசடித்துக் கடலில் விட்டுவிடுவோம். கடலுக்கு ஒரு கப்பல் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

பொம்மைகளைத் தச்சனைத் தவிர யாரும் எண்ணக்கூடாது. நாம் எண்ணினால் கடலும் எண்ணத் தொடங்கும் என்பார்கள்.

நான் ஒன்பது நாள் உட்கார்ந்து செய்தேன். என் உயரத்தில் பாதி நீளம், கற்பூர மரம். சொல்லக்கூடாது, அழகாக வந்தது. தலைவர் கெ ஐயாவுக்குத் தொப்பை வைத்தேன். சமையற்காரன் தடியன் லாய்க்கு இரண்டு தொப்பை வைத்தேன். கடல் தாய்க்கு ஊதுவத்தி அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஃபாங்குக்கு அவருடைய கோணல் மூக்கு. எனக்கும் ஒன்று செதுக்கி முதுகில் பேர் எழுதினேன். கப்பலில் நாற்பத்தொரு பேர். நாற்பது பொம்மை முடித்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

யுன்னுக்குப் பொம்மை செய்யவில்லை. சத்தியம் சத்தியம்தான். ஒரு பேர் குறைந்தால் கடல் கேட்கவா போகிறது என்று நினைத்தேன். அவனுக்கு இதைச் சொல்லவும் இல்லை.

ஆனால் கைக்கு யார் சொல்வது? பொம்மைகளை நிறுத்தத் தளத்தில் துளை போடும்போது, கப்பலில் எத்தனை பேர் என்று பழகிய கை, நாற்பத்தொரு துளை போட்டுவிட்டது. முனைக்கு வந்து, சின்னக் கப்பலைக் கயிற்றில் கட்டி இறக்கும்போதுதான் கண்ணில் பட்டது. என் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு துளை, காலியாக. முரசு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சொட்டு மெழுகு போதும், அடைத்திருக்கலாம். ஒரு துளைதானே என்று விட்டுவிட்டேன்.

வாழ்நாள் முழுக்கத் துளை அடைத்துப் பிழைத்தவன் நான்.

அதன்பின் மூன்று நாள் வாடை நன்றாக அடித்தது. நான்காம் நாள் காலையில் நின்றது. அந்த மாதத்தில் வாடை நிற்காது. தளரும், திசை மாறும், ஆனால் நிற்காது. பாய்கள் தொங்கின. கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது. சூரியன் உச்சிக்கு வந்து தலையில் உட்கார்ந்துகொண்டது. கீழே அறைகளிலிருந்து அழுகிய பயறு நாற்றம் மேலே வந்தது.

மத்தியானம் லாய் கஞ்சி ஊற்றினான். வரிசையில் கடைசியாக யுன் நின்றான். அவன் முறை வந்ததும் லாய் பானையை மூடினான்.

"டேய் தடியா, எனக்கு?" என்றான் யுன்.

லாய் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனான். வேண்டுமென்று செய்ததுபோல் இல்லை. காது கேட்காதவன் போகிறது போலப் போனான்.

"பாத்தியாண்ணே, கொழுப்ப! போன வாரம் அவன் தொப்பையக் கிண்டல் பண்ணேன்ல, அதான்."

என் கஞ்சியில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஃபாங் கூப்பிட்டார். அவர் குரலில் ஏதோ சரியில்லை. எல்லோரும் ஓடினோம்.

தூரத்தில் ஒரு புள்ளி. சிவப்பும் பச்சையும்.

"நம்ம சின்னக் கப்பல்," என்றார் ஃபாங்.

"நீரோட்டம் கொண்டுவருது," என்றார் தலைவர் கெ. அவர் சொன்னதை அவரே நம்பவில்லை.

காற்றே இல்லை. எங்கள் பாய் துணியாகத் தொங்கியது.

அதன் பாய் உப்பியிருந்தது.

ஃபாங் என்னை ஒதுக்கி அழைத்துப்போனார். "தச்சரே, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எல்லாரையும் வச்சீங்களா?"

"வச்சேன்."

"அது எதையோ தேடிட்டு வருது."

"எல்லாரையும் வச்சேன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். பொய் சொல்பவன்தானே கத்துவான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊதுவத்தி மாற்றப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் சின்னக் கப்பல் கூப்பிடு தூரத்தில் நின்றது. அன்று யுன் சிரிக்கவில்லை. சுக்கான் பிடிக்கும் ஆள் அவன் காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். ஃபாங் காலையில் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பல் வைத்துக்கொண்டு வந்தவர், எனக்கு வைத்துவிட்டு யுன்னைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனார். யுன் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அவர் குளிர்ந்ததுபோல் ஒரு முறை தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான்.

"அண்ணே." அவன் குரல் தணிந்திருந்தது. "யாரும் என்னயப் பாக்க மாட்டேங்கறாங்க."

"வெயில்டா. எல்லாருக்கும் தலை கிறுகிறுத்துப் போச்சு."

"நீ பாக்கறல்ல?"

"பாக்கறேன்டா. பக்கத்துலயே இரு."

அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கடலிடம் நாற்பது பேர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் தம்பி, அதனால் இந்தக் கப்பலிலும் நாற்பது பேர்தான் மிஞ்சுவார்கள் போல இருக்கிறது என்று. அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை நினைத்துக்கொண்டு, காற்று வந்துவிடும், வந்துவிடும் என்று வானத்தையே பார்த்தேன்.

ஆறாம் நாள் உச்சிவேளை. பாய்மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரோ ஒரு பையன் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. நம் கப்பலில் இப்படி ஒருவன் இருக்கிறானா என்று யோசித்தேன்.

"யாருப்பா நீ?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

கையை நீட்டித் தளப்பலகையில் தட்டினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

யுன். என் தம்பி. நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறேன். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் உடம்பு என் கைக்குள் இருந்தும் கனமே இல்லை.

பிறகு ஒரே ஓட்டம். கருவிப்பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தேன். கற்பூர மரத்தில் ஒரு துண்டுதான் மிச்சம். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று செதுக்கிக்கொண்டே அவனிடம் சொன்னேன்.

"சீக்கிரம் பண்ணுண்ணே," என்றான் கடைசியில். "என் கையி எனக்கே சரியாத் தெரியல."

அவசர அவசரமாகச் செதுக்கினேன். முப்பது வருஷத்தில் தவறாத கை. உளி வழுக்கி, பொம்மையின் இடது காதுமடலைப் பாதி கொண்டுபோய்விட்டது. திருத்த நேரமில்லை. முதுகைத் திருப்பி மையைத் தொட்டு எழுதினேன். ஜுவாங் யுன். அம்மா, மன்னித்துக்கொள்.

சின்னக் கப்பல் எங்கள் விலாவோடு ஒட்டி நின்றது. யாரும் கிட்டே போகவில்லை. தலைவர் கெ, லாய், ஃபாங் எல்லோரும் அந்தப் பக்கத்து ஓரத்தில் குவிந்து நின்றார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். மறுமுனையை யுன் பிடித்தான். அவன் ஒருவன்தான் பிடிக்க வந்தான்.

"விட்டுடாதடா."

"விடுவேனா? உன் கனம் எனக்குத் தெரியாதா என்ன. இறங்கு."

அவன் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அது. அப்போது தெரியவில்லை.

தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கினேன். அங்கே குளிர்ந்தது. சின்னக் கப்பலின் பாய் என் முகத்துக்கு நேரே புடைத்து நின்றது. அதை நிரப்பிய காற்று என் மேல் படவில்லை. குளித்து எழுந்தவர்கள்போல் நாற்பது பொம்மைகளும் நனைந்திருந்தன. நான் எல்லாவற்றையும் கப்பலின் முன்முனையைப் பார்க்கத்தான் நிறுத்தியிருந்தேன்.

இப்போது எல்லாம் அண்ணாந்து என்னைப் பார்த்தன.

என் பொம்மைக்குப் பக்கத்தில் அந்தத் துளை. உள்ளே இருட்டு. யுன்னின் பொம்மையை அதன்மேல் வைத்தேன். நான் அழுத்தவில்லை. கீழிருந்து இழுத்ததுபோல் அது உள்ளே போய் இறுகியது.

அதே நொடி கயிறு தளர்ந்தது.

மேலே யாரும் பிடிக்காத கயிறு எப்படித் தளருமோ அப்படி. முழங்கால்வரை தண்ணீருக்குள் விழுந்தேன். ஒரு மூச்சு நேரம்தான். கயிறு மறுபடியும் இறுகியது. ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரே சீராக, பாரமே தெரியாதவன் இழுப்பதுபோல் என்னை மேலே கொண்டுபோனது.

சின்னக் கப்பல் தலைகீழாகவில்லை, சாயவில்லை. நின்ற நிலையில் அப்படியே தண்ணீருக்குள் இறங்கியது. கடைசியாகப் பாயின் நுனி. பிறகு வாடை அடித்தது. எங்கள் மூன்று பாயும் ஒரே சமயத்தில் வெடித்து விரிந்தன. ஆட்கள் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"ஏலே யுன்னு!" லாய் அகப்பையோடு ஓடிவந்தான். "மூணு நாளா எங்கடா போன? கஞ்சிக்குக்கூட ஆளக் காணோம்!"

அவனைப் பார்க்கிறார்கள். அவன் பேரைச் சொல்கிறார்கள். நான் தளத்தில் மண்டியிட்டுக் கடல் தாயைக் கும்பிட்டேன். பிறகு தம்பியைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு.

இடது காதுமடலில் பாதி இல்லை.

ரத்தம் இல்லை. காயம் இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஆறிப்போன தழும்பு.

"யுன்... காது?"

"காதுக்கென்னண்ணே?" என்றான் அமைதியாக. "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான இருக்கு. நீங்கதான மறந்துட்டீங்க."

நீங்க. என் தம்பி ஒரு நாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

லாயைக் கேட்டேன். ஃபாங்கைக் கேட்டேன். ஆமாம், அவன் காது எப்போதும் அப்படித்தான் என்றார்கள். சரி, ஊருக்குப் போனால் அம்மாவுக்குத் தெரியும் என்று காத்திருந்தேன். தெற்கே கிண்ணங்களை இறக்கி, மிளகும் வாசனைக் கட்டையும் ஏற்றி, காற்று திரும்பியதும் நாங்களும் திரும்பினோம். அம்மா துறையிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அந்தக் காதைத் தடவினாள்.

"நாய் மிச்சம்! வந்துட்டியாடா! இந்தக் காதப் பாக்கும்போதெல்லாம் உங்கண்ணன்மேல கோவம் வரும். மூணு வயசுப் புள்ள பக்கத்துல வெளையாடுறப்ப உளியப் புடிச்சான் பாரு."

அவன் சிரித்தான். குரைத்துக் காட்டவில்லை.

அம்மாவுக்குச் சந்தோஷம்தான். இப்போது அவன் வம்பு பேசுவதில்லை, குடிப்பதில்லை, வேலை படு சுத்தம். கோடையில்கூட அவனுக்கு வியர்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும். எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அப்படி நினைத்தால் சோறு இறங்கியது.

நேற்றுவரை அப்படித்தான் இருந்தேன்.

அடுத்த வாடைக்கு முன்னால் பழுது பார்க்க, கடல் பெருகிய நேரத்தில் கப்பலைக் கரைச் சேற்றின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறோம். இப்போது அங்கே தண்ணீர் எட்டாது. நல்ல வெயில். எல்லா அறையும் காலி. நான் ஆறாவது அறைக்குள் உட்கார்ந்து இடுக்குகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என்னைச் சாப்பிடக் கூப்பிட அவன் ஏணியில் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான்.

தடுப்புச்சுவருக்கு அந்தப் பக்கம், ஏழாவது அறையில், சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் கேட்டான், அது தெரிந்தது. அவன் குனிந்து என் கையிலிருந்த கொட்டாப்புளியை மெதுவாக வாங்கினான். சுவரில் இரண்டு முறை தட்டினான்.

"அடைஞ்சிருச்சுண்ணே," என்றான். "வாங்க, கஞ்சி ஆறிடும்."

ஏணியேறிப் போய்விட்டான்.

நான் ஓடிப்போய் ஏழாவது அறையின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வெயில் விழுந்தது. காய்ந்த பலகை, உதிர்ந்த மண், வாடிப்போன நாலு பயற்று வேர். ஆள் இல்லை. திரும்ப வந்து சுவரில் காதை வைத்தேன்.

மூன்று தட்டு. மெதுவாக. வாயைத் திறந்து கூப்பிடத் தெரியாத பிள்ளை தட்டுவதுபோல.

என் கன்னத்தில் ஈரம் பட்டது. பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்தது. நாக்கில் வைத்தேன், உப்பு. கப்பலுக்கு அடியில் சேறு வெயிலில் வெடித்துக் கிடந்தது.

இன்று காலையிலிருந்து நான் ஆறாவது அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அடைக்கச் சணலும் சுண்ணாம்பும் பக்கத்தில் இருக்கின்றன. கொட்டாப்புளி என் மடியில் இருக்கிறது. தட்டு நிற்கவில்லை. நான் இன்னும் பதில் தட்டவில்லை.